உதவி: ப்ராஜெக்ட் போர்டில் கார்டுகள் நகரவே இல்லை, ரிவியூவுக்கு மூன்று வாரம்தான்

விடுதி_அறை_214 · செவ்வாய், இரவு 11:48

எல்லோருக்கும் வணக்கம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். நான்தான் டீம் லீட். வேலையைப் பிரித்து கார்டு கார்டாக போர்டில் (தொடங்காதவை, நடப்பவை, முடிந்தவை என்று மூன்று பத்தி) போட்டு ஒரு மாதம் ஆகிறது. எதுவும் நகரவில்லை. எல்லாம் நடுவில் அப்படியே நிற்கிறது. இன்று கைடு போர்டைத் திறந்து பார்த்துவிட்டு "ஒரு மாசமா என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். நான்கு பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். மூன்று வாரத்தில் செகண்ட் ரிவியூ. பக்கத்து பேட்ச்சில் கோடிங் நன்றாகத் தெரிந்த நண்பன் ஒருவன் உதவிக்கு வருகிறேன் என்கிறான், சேர்த்துக்கொள்ளலாமா? வேலையைப் பிரிக்கச் சரியான முறை எது? அவசரம், யாராவது சொல்லுங்கள்.

தேநீர்க்கடை · செவ்வாய், இரவு 11:59

எந்த போர்டு தம்பி? ட்ரெல்லோவா, கிட்ஹப்பா, ஜிராவா? மொத்தம் எத்தனை கார்டு? என்ன ப்ராஜெக்ட்? கோடு கிட்டில் (கோடு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) இருக்கிறதா, பென் டிரைவில் கைமாறுகிறதா? இதெல்லாம் சொன்னால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

கான்பான்_பிரியன் · புதன், காலை 6:20

"நடுவில் நிற்கிறது" என்கிறீர்களே, அதிலேயே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் தொடங்கிவிட்டீர்கள். கான்பான் டொயோட்டா தொழிற்சாலையில் தாய்ச்சி ஓனோ வளர்த்த முறை. அடுத்த கட்டம் கேட்டால்தான் முந்தைய கட்டம் பொருளைச் செய்யும், தன் பாட்டுக்குச் செய்து குவிக்காது. சாஃப்ட்வேருக்கு வரும்போது அது நடுப் பத்திக்கு ஓர் உச்ச வரம்பாக மாறியது. நான்கு பேர் என்றால் நடுவில் நான்கு கார்டு, மிஞ்சினால் ஐந்து. ஒன்று முடியாமல் அடுத்ததைத் தொடவே கூடாது. இன்றே வரம்பு போடுங்கள்.

வரைபடம் · புதன், காலை 7:05

கார்டு எல்லாம் கம்பெனிக்காரர்களுக்கு. ரிவியூவில் கேட்பது கான்ட் சார்ட். இடப்பக்கம் வேலை, மேலே வாரம், குறுக்கே பட்டை. எது முடிந்தால் எதைத் தொடங்கலாம் என்பது அதில் ஒரே பார்வையில் தெரியும். ஒரு எக்செல் ஷீட் போதும்.

மூத்த_நிரலர் · புதன், காலை 8:31

இதே கேள்வி வருடா வருடம் ரிவியூ சமயத்தில் வந்துவிடுகிறது. பழைய இழைகளைத் தேடிப் படித்துவிட்டு வந்திருக்கலாம். கேள்வி கேட்பதும் ஒரு திறமைதான். என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று மூன்றையும் எழுதாமல் "நகரவில்லை" என்றால் நாங்கள் ஜோசியமா பார்க்க முடியும்?

ஆள் சேர்க்கும் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். சேர்க்காதீர்கள். ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற இயங்குதள வேலையை நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார், தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று. நான்கு பேருக்குள் பேச வேண்டிய ஜோடிகள் 6. ஐந்து பேர் ஆனால் 10. வருகிறவருக்கு உங்கள் கோடைப் புரியவைக்கவே ஒரு வாரம் போய்விடும்.

விடுதி_அறை_214 · புதன், மதியம் 1:15

மன்னிக்கவும், நேற்று டென்ஷனில் எழுதினேன். தம்பி இல்லை அண்ணா, தங்கச்சி. மொத்தம் நான்கு பேர். ஹாஸ்டல் மெஸ் ஆப். நாளைக்குச் சாப்பாடு வேண்டாம் என்றால் மாணவர்கள் முன்கூட்டியே பதியலாம், மெஸ்ஸில் வீணாகிற சோறு குறையும். கிட்ஹப்பில்தான் இருக்கிறது. போர்டும் அங்கேயேதான். 38 கார்டு. தொடங்காதவை 13, "இன் ப்ராக்ரஸ்" 22, "டன்" 3.

பருத்தித்துறை · புதன், மதியம் 1:40

தங்கச்சி, அந்த 22-இல் ஒரு ஐந்தாறு கார்டின் தலைப்பை அப்படியே இங்கே எழுதுங்கோ. கம்பஸில் எங்கட குழுவும் இதே மாதிரி நின்றது. பிழை போர்டில் இல்லை, கார்டில் எழுதின சொல்லில் இருந்தது.

விடுதி_அறை_214 · புதன், மதியம் 1:52

"பேக்எண்ட்", "யூஐ", "டேட்டாபேஸ் டிசைன்", "லாகின்", "மெனு பேஜ்", "டெஸ்டிங்". இதில் லாகின், மெனு பேஜ் எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டன. ஒவ்வொரு கார்டும் கிட்ஹப்பில் ஒரு இஷ்யூ; அதை மூடச் சொல்லி இஷ்யூ எண்ணோடு "க்ளோசஸ் #12" என்று எழுதியும் கார்டு நடுவிலேயே நிற்கிறது. அதையும் சேர்த்துத்தான் நகரவில்லை என்று சொன்னேன்.

தேநீர்க்கடை · புதன், மதியம் 2:03

அட, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! "க்ளோசஸ்" சரிதானா, "க்ளோசிங்" என்று எழுதிவிட்டீர்களா? க்ளோஸ், ஃபிக்ஸ், ரிசால்வ் என்ற மூன்று சொற்களின் சில வடிவங்களைத்தான் கிட்ஹப் கண்டுகொள்ளும். "க்ளோசிங்" அதில் இல்லை.

சரிபார்ப்பு_அக்கா · புதன், மதியம் 2:30

சொல் சரியாகத்தான் இருக்கிறது. எந்த ப்ராஞ்சுக்கு மெர்ஜ் செய்கிறீர்கள், அதாவது கோடை எந்தக் கிளையில் சேர்க்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும். மெயினுக்கா, டெவ் என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறீர்களா?

விடுதி_அறை_214 · புதன், மதியம் 2:34

டெவ். ரிவியூவுக்கு முந்தைய நாள் மொத்தமாக மெயினுக்கு மாற்றலாம் என்று முடிவு செய்திருந்தோம்.

சரிபார்ப்பு_அக்கா · புதன், மதியம் 2:58

அப்படியானால் காரணம் இதுதான். அந்தச் சொல்லை கிட்ஹப் டிஃபால்ட் ப்ராஞ்சுக்கு (முதன்மைக் கிளைக்கு) வரும்போது மட்டும்தான் மதிக்கும். உங்களுக்கு டிஃபால்ட் மெயின். டெவ்வுக்குள் எத்தனை முறை மெர்ஜ் செய்தாலும் இஷ்யூ திறந்தே இருக்கும். இஷ்யூ மூடினால்தான் கார்டு தானாக "டன்" பத்திக்குப் போகும்.

கமிட் (கோடு மாற்றத்தைச் சேமிக்கும் பதிவு) செய்தியில் எழுதியிருந்தால் பிரச்சினை இல்லை, டெவ்வை மெயினுக்கு மெர்ஜ் செய்யும்போது தானாக மூடிக்கொள்ளும். ஸ்குவாஷ் மெர்ஜ் மட்டும் வேண்டாம், கமிட்டுகள் ஒன்றாகச் சுருங்கும்போது செய்தி மாறிப்போகலாம். புல் ரிக்வெஸ்ட்டின் (கோடைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையின்) விவரத்தில் மட்டும் எழுதியிருந்தால் அது கணக்கில் வராது, அவற்றைக் கையால் மூடிவிடுங்கள். டெவ்வில்தான் தொடரப்போகிறீர்கள் என்றால் செட்டிங்ஸில் டிஃபால்ட் ப்ராஞ்சை டெவ் என்று மாற்றிவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரிவியூவுக்கு முந்தைய நாள் ஒரே மெர்ஜ் என்பதை இப்போதே கைவிடுங்கள். நான் டெஸ்டிங்கில் இருப்பவள். ஒரு மாதக் கோடு ஒரே ராத்திரியில் ஒன்றுசேரும்போது என்ன ஆகும் என்று பலமுறை பார்த்திருக்கிறேன். வாரம் இரண்டு முறையாவது மெயினுக்குப் போகட்டும்.

கான்பான்_பிரியன் · புதன், மதியம் 3:10

சரி, முடிந்தவை போய்விடும். மீதிக்கு வரம்பு வேண்டும்தானே? நான் சொன்னது சொன்னதுதான்.

பருத்தித்துறை · புதன், மாலை 4:45

வரம்பு நல்லதுதான், ஆனால் சர்வர் பக்க வேலை முழுக்க "பேக்எண்ட்" என்று ஒரே கார்டாக இருக்கும்வரைக்கும் வரம்பு போட்டும் பிரயோசனம் இல்லை. அது எப்ப முடியும் என்று ஒருவராலும் சொல்லேலாது. கடைசி நாள்வரைக்கும் நடுவில்தான் நிற்கும்.

தங்கச்சி, உங்கட ஆப்பில் ஒரு மாணவர் செய்கிற ஒரே ஒரு காரியத்தை எடுங்கோ. நாளைக்கு மத்தியானச் சாப்பாடு வேண்டாம் என்று பதிகிறார், அவ்வளவுதான். அதுக்கு என்ன வேணும்? டேட்டாபேஸில் ஒரு டேபிள். சர்வரில் ஒரு ஏபிஐ, ஆப் தகவலை அனுப்பி வாங்குகிற வழி. ஸ்க்ரீனில் ஒரு பட்டன். காலமை மெஸ்ஸில் சமைக்கிறவருக்குத் தெரிய ஓர் எண்ணிக்கை. இந்த நாலையும் சேர்த்து ஒரு கார்டு போடுங்கோ. தலைப்பையும் அப்படியே எழுதுங்கோ: "மாணவர் நாளைய மதியச் சாப்பாட்டை வேண்டாம் என்று பதியலாம்". முடிஞ்சுதா என்று கேட்டால் போனை எடுத்து பட்டனை அழுத்திக் காட்ட வேணும், மெஸ் ஸ்க்ரீனில் 212 என்று இருந்தது 211 ஆக மாற வேணும். மாறினால் "டன்". "கோடு எழுதிட்டன், இணைக்கிறதுதான் பாக்கி" என்று சொன்னால் அது இன்னும் நடுவில்தான்.

ஒரு கார்டு ரெண்டு மூண்டு நாளைக்குள்ள முடியாது என்று பட்டால் இன்னும் சின்னதாக்குங்கோ. முதலில் ஒரு நேரச் சாப்பாடு மட்டும். மூண்டு வேளையும் பிறகு.

வரைபடம் · புதன், மாலை 5:20

இதையே கான்ட் சார்ட்டிலும் வரிசைப்படுத்தலாம். பட்டைக்கு நீங்கள் சொன்ன தலைப்பு, அவ்வளவுதான்.

விடுதி_அறை_214 · புதன், இரவு 9:10

"இணைக்கிறதுதான் பாக்கி" என்று எங்கள் டீமில் தினமும் சொல்கிறோம் அண்ணா. போன வாரம் இணைத்துப் பார்த்தோம். ஸ்க்ரீன் வெறுமையாக வந்தது. யூஐ, அதாவது ஸ்க்ரீன், செய்பவன் "ஸ்டூடண்ட் ஐடி" என்ற பெயரில் அனுப்புகிறான், சர்வர் "ரோல் நம்பர்" என்ற பெயரில் எதிர்பார்க்கிறது. யார் மாற்றுவது என்பதிலேயே இரண்டு நாள் போய்விட்டது. இன்னும் சரிசெய்யவில்லை. நான்காவது ஆள் வேறு, கிட்ஹப்பில் ஒரு கமிட் கூட இல்லை. அவளிடம் எப்படிக் கேட்பது என்றே தெரியவில்லை, நல்ல சிநேகிதி.

மூத்த_நிரலர் · புதன், இரவு 9:42

கேட்கவே வேண்டாம். டெர்மினலில் "கிட் ஷார்ட்லாக்" ஓட்டி யாருக்கு எத்தனை கமிட் என்று எடுத்து கைடிடம் காட்டுங்கள். கமிட் இல்லாதவர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். படிக்கும்போதே இந்த ஒழுங்கு வராவிட்டால் கம்பெனியில் முதல் மாதமே தடுமாறுவார்கள்.

ரிப்போர்ட்_எழுதியவள் · புதன், இரவு 10:15

இதை நான் ஏற்க மாட்டேன் சார். எங்கள் டீமில் கமிட் இல்லாத ஆள் நான்தான். வார்டனிடம் நான்கு நாள் நடந்து அனுமதி வாங்கியது நான். டேட்டாபேஸ் அமைப்பைக் காட்டும் ஈஆர் டயக்ராம் வரைந்தது நான். 60 பக்க ரிப்போர்ட்டை அலைன்மென்ட் முதல் பக்க எண் வரை உட்கார்ந்து முடித்தது நான். இதில் எது கிட்ஹப்பில் தெரியும்?

கோடும் எழுதினேன். லேப் கம்ப்யூட்டரில் எழுதினேன். அந்த மெஷினில் முதலில் கிட் போட்டவன் தன் பெயரையும் மெயிலையும் கான்ஃபிக்கில் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அதில் நான் செய்த கமிட் எல்லாம் அவன் பெயரில் ஏறின. வைவாவில் "நீ என்ன செய்தாய்" என்று கேட்டபோது என்னால் ஒன்றும் காட்ட முடியவில்லை. இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது.

மூத்த_நிரலர் · புதன், இரவு 10:28

கான்ஃபிக் பார்க்காமல் கமிட் செய்தது உங்கள் கவனக்குறைவு. கருவியின் மேல் பழி போடக்கூடாது. ரிப்போர்ட்டையும் கோடு இருக்கும் ரெப்போவில் வைத்திருந்தால் அதற்கும் கமிட் இருந்திருக்கும்.

ரிப்போர்ட்_எழுதியவள் · புதன், இரவு 10:36

எங்களுக்குக் கான்ஃபிக் என்று ஒன்று இருப்பதையே யாரும் சொல்லித்தரவில்லை. எண்ணிக்கையை நீட்டுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

தேநீர்க்கடை · புதன், இரவு 10:50

இரண்டு பேர் ஒரே மெஷினில் உட்கார்ந்து எழுதினால் கமிட் செய்தியின் கடைசியில் "கோ-ஆதர்டு-பை" என்று ஒரு வரி போட்டு அடுத்தவர் பெயரையும் மெயிலையும் சேர்க்கலாம். கிட்ஹப் இரண்டு பேரையும் காட்டும்.

மூத்த_நிரலர் · புதன், இரவு 10:57

அதையும் ஏமாற்றப் பயன்படுத்துகிறார்கள். பார்த்திருக்கிறேன்.

சரிபார்ப்பு_அக்கா · புதன், இரவு 11:20

கமிட் வழக்கைத் தனி இழையில் நடத்துங்கள். கேட்ட பெண்ணுக்கு ரிவியூ நெருங்குகிறது.

தங்கச்சி, அந்தப் பெயர்ச் சண்டையை நாளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். நான்கு பேரும் ஒரு மேஜையில் உட்காருங்கள், லேப்டாப்பை மூடிவையுங்கள். ஒரு தாளில் ஒவ்வொரு ஏபிஐக்கும் என்ன அனுப்புகிறோம், என்ன திரும்பி வரும் என்று பெயர் பெயராக எழுதுங்கள். ரோல் நம்பர் என்றால் எல்லா இடத்திலும் ரோல் நம்பர்தான், எழுத்துகூட மாறக்கூடாது. அதை ரீட்மீ என்ற விளக்க ஃபைலில் மாதிரித் தரவோடு போட்டுவிட்டால் யூஐ செய்பவன் சர்வருக்காகக் காத்திருக்க வேண்டாம், அந்த மாதிரியை வைத்தே ஸ்க்ரீனை ஓட்டலாம். யார் மாற்றுவது என்பதற்கும் வழக்கு வேண்டாம். டேட்டாபேஸில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதற்கு மற்றவர்கள் மாறிக்கொள்ளட்டும்.

உங்கள் சிநேகிதியையும் அதே மேஜையில் உட்காரவையுங்கள். கார்டுகளை நீங்கள் பங்கு போடாமல் அவளையே ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். ஒரு மாதமாக எந்தக் கார்டிலாவது அவள் பெயர் இருந்ததா என்றும் ஒருமுறை பாருங்கள்.

கான்பான்_பிரியன் · வியாழன், காலை 6:12

வரம்பு போட்டாயிற்றா?

விடுதி_அறை_214 · சனி, இரவு 8:05

சுருக்கமாகச் சொல்கிறேன், லேபில் இருக்கிறோம். நடுவில் நின்ற 22-இல் 11 ஏற்கனவே முடிந்தவை. டெவ்வை மெயினுக்கு மெர்ஜ் செய்ததும் 9 தானாக மூடிக்கொண்டன, 2 கையால் மூடினோம். மீதி 11-இல் நான்கை மட்டும் நடுவில் வைத்துக்கொண்டு மற்ற 7-ஐத் தொடங்காதவைக்குத் திரும்பத் தள்ளிவிட்டோம். "பேக்எண்ட்" கார்டைக் கிழித்து ஆறாக்கினோம். ஐந்தாவது ஆள் வேண்டாம் என்று முடிவு. சிநேகிதியிடம் பேசினேன். எந்தக் கார்டிலும் அவள் பெயர் இல்லை, நான்தான் போடவில்லை. மெஸ் எண்ணிக்கை ஸ்க்ரீனை அவள் எடுத்திருக்கிறாள். எல்லோருக்கும் ரொம்ப நன்றி.

பருத்தித்துறை · சனி, இரவு 8:30

சந்தோசம் தங்கச்சி. மதியச் சாப்பாட்டுக் கார்டு "டன்"னுக்குப் போச்சுதா?

பருத்தித்துறை · செவ்வாய், இரவு 9:14

ரோல் நம்பர் பெயர் எல்லா இடத்திலும் ஒன்றாகிட்டுதா என்று மட்டும் சொல்லுங்கோ.