டேம்பிங்: தணிவு, தணிப்பு இரண்டும் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

டேம்பிங் (damping), அதாவது ஆட்டம் ஆற்றலை இழந்து குறைவது, என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் கலைச்சொல் குழுவில் தடையுறல், ஒடுக்கம், அடக்கம் என மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. ஒன்றைத் தேர்வதற்கு முன், அந்தச் சொல் எதைச் சுட்ட வேண்டும் என்று பார்த்துவிடுவோம்.

அதிர்வு என்ற சொல்லில் சிக்கல் இல்லை. தொல்காப்பிய உரியியலே அதிர்வுக்கும் விதிர்ப்புக்கும் நடுக்கம் என்று பொருள் சொல்லிவிட்டது. இயந்திரவியலில் அது, ஒரு பொருள் தன் சமநிலையின் இருபுறமும் திரும்பத் திரும்ப அசைவது. விலகியதை இழுத்துத் திருப்ப, ஸ்பிரிங்கில் இருப்பது போன்ற விறைப்பு வேண்டும். திரும்பி வந்த இடத்தில் நிற்கவிடாமல் தாண்டிப் போகவைக்க நிறை வேண்டும். இரண்டும் இருந்தால், தட்டிவிட்டால் விநாடிக்கு எத்தனை முறை தானாக ஆடும் என்கிற இயல் அதிர்வெண் பிறந்துவிடும். விறைப்பு நான்கு மடங்கானால் அந்த எண் இரு மடங்காகும். நிறை நான்கு மடங்கானால் பாதியாகும். வெளியிலிருந்து வரும் உதைப்பு இந்த எண்ணோடு பொருந்தினால் ஆட்டம் பெருகும்; அதுதான் ஒத்ததிர்வு. இலங்கையில் பரிவு என்பார்கள்; எனக்கு அந்தச் சொல்மேல் தனி ஆசை.

அண்ணா சாலை சிக்னலில் நிற்கும் மாநகரப் பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்று ஓடினால், ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிப்பதால், விநாடிக்கு 30 வெடிப்பு. ஜன்னல் கண்ணாடியின் இயல் அதிர்வெண்ணும் அதை ஒட்டி அமைந்தால் கண்ணாடி கடகடவென்று ஆடும். வண்டி வேகமெடுத்ததும் ஓய்ந்துவிடும். நிற்கும்போதே கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தாலும் ஆட்டம் குறையும். கை செய்யும் அந்த வேலைக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

போன மாதம் புதுப்பேட்டையில் என் ஸ்கூட்டரைக் காட்டினேன். மெக்கானிக் பின்சீட்டை இரண்டு கையாலும் அழுத்திச் சட்டென்று விட்டார். வண்டி ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்கி, மூன்றாம் முறையும் ஆடியது. “ஸ்பிரிங் நல்லாத்தான் சார் இருக்கு. ஷாக்குல ஆயில் போச்சு, அதான் அடங்க மாட்டேங்குது” என்றார்.

தடை என்ற சொல் ஏன் போதாது என்பதற்கு விடை அவர் பேச்சிலேயே இருக்கிறது. ஸ்பிரிங்கும் தடுக்கிறது, ஆயிலும் தடுக்கிறது. ஆனால் ஸ்பிரிங், அழுத்தும்போது வாங்கிய ஆற்றலை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். சிறு துளை வழியே பிதுங்கிப் போகும் ஆயில் வாங்கியதைத் திருப்பித் தராது. அது வெப்பமாகிப் போய்விடும். தடை என்றால் இந்த வேறுபாடு தெரியாமல் போகிறது. மின்தடையும் ஆற்றலை வெப்பமாக்குகிறதே என்று குழுவில் ஐயா ஒருவர் எழுதியது சரியான ஒப்புமைதான். ஆனால் மின்சுற்றில் பழகாத மாணவருக்குத் தடை என்றதும் குறுக்கே நிற்கும் சுவர்தான் தோன்றும்.

சரி, மெக்கானிக் சொன்னபடி அடக்கம் என்று வைத்துக்கொள்ளலாமா? முதலில் நானும் அந்தப் பக்கம்தான் இருந்தேன். எழுதிப் பார்த்தபோதுதான் இடித்தது. அடங்குவதும் அடக்கம், அடக்குவதும் அடக்கம். ஒடுங்கு, ஒடுக்கு இரண்டுக்கும் ஒடுக்கம் ஒன்றுதான். நமக்கோ தன்வினைக்கு ஒன்று, பிறவினைக்கு ஒன்று வேண்டும். தணிந்தது என்பதிலிருந்து தணிவு, தணித்தோம் என்பதிலிருந்து தணிப்பு. ஆங்கிலத்தில் ஒரே சொல் சுமக்கும் இரண்டு பொருளையும் தமிழ் தானாகவே பிரித்துக் கொடுக்கிறது. சூடு தணிகிறது, தாகம் தணிகிறது, கோபம் தணிகிறது என்று படிப்படியாகக் குறைவதற்குத்தான் இந்த வினையை நாம் ஏற்கெனவே புழங்குகிறோம்.

ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். லண்டன் மில்லேனியம் நடைபாலம் 2000 ஜூனில் திறந்ததும், நடப்பவர்களின் காலடியால் பக்கவாட்டில் ஆடத் தொடங்கி, இரண்டே நாளில் மூடப்பட்டது. ‘பாலத்துக்கு இயல்பாக இருந்த தணிவு போதவில்லை, எனவே தணிப்பான்கள் பொருத்தித் தணிப்பைக் கூட்டி, 2002இல் மீண்டும் திறந்தார்கள்.’ இதில் எந்தச் சொல்லும் உறுத்தவில்லை என்பது என் எண்ணம்.

என் முன்மொழிவு இது. தணிவு: அதிரும் பொருளின் ஆற்றல் உராய்வு, பாகுநிலை (எண்ணெய் போன்றவற்றின் பிசுக்குத்தன்மை) போன்றவற்றால் பெரும்பாலும் வெப்பமாக மாறி, வீச்சு, அதாவது ஆட்டத்தின் அளவு, குறைந்துகொண்டே போவது. தணிப்பு: அதை வேண்டுமென்றே உண்டாக்குவது. தணிப்பான்: அதற்கான கருவி. மாறுநிலைத் தணிவு: ஆட்டம் போடாமல் மிக விரைவாகச் சமநிலைக்குத் திரும்பவைக்கும் அளவு தணிவு. ஒளியியலில் மாறுநிலைக் கோணம் பழகியவர்களுக்கு இந்தச் சொல் எளிதாக இருக்கும்.

அப்புறம், அடுக்ககத்தில் தண்ணீர் மோட்டாருக்கு அடியில் வைக்கும் ரப்பர் கட்டையையும் தணிப்பான் என்றே குழுவில் அக்கா ஒருவர் குறித்திருந்தார்கள். அதன் முதல் வேலை ஆற்றலைத் தின்பது அல்ல, மோட்டாரின் அதிர்வு தரைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது. மின்காப்பு போல அதிர்வுக்காப்பு எனலாமா? இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.