நாளை அதிகாலை பனிமலை ஏற அழைக்கிறார்கள்: கோட்டு மட்டும் வாங்கினால் போதுமா?

கேட்பவர்:
அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள ஆல்பனிக்கு வந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. உச்சியில் தீக்கண்காணிப்புக் கோபுரம் உள்ள ஒரு மலைக்கு அலுவலக நண்பர்கள் நாளை அழைத்துச் செல்கிறார்கள். என்னிடம் ஓட்டக் காலணியும் ஜீன்ஸும் ஊரில் வாங்கிய ஸ்வெட்டரும் மட்டுமே உள்ளன. இப்போது இரவு ஏழு மணி. மறுக்கக் கூச்சமாக இருக்கிறது.

சிரக்கியூஸ்வாசி:
முழங்கால் வரை நீளும் தடித்த கோட்டு வாங்குங்கள், தம்பி. முதல் குளிர்காலத்தில் கோட்டு இல்லாமல் பேருந்துக்காக நின்று நான் பட்ட பாட்டை இன்றும் மறக்கவில்லை. பழைய துணிக்கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும்.

ராச்செஸ்டர்வாசி:
அவர் நிற்கப் போவது பேருந்து நிறுத்தத்தில் அல்ல. தடித்த கோட்டோடு மலையேறினால் அரை மணியில் வியர்த்து, உச்சிக் காற்றில் அந்த வியர்வையே உடலை நடுக்கும். மெல்லிய ஆடைகளை அடுக்கடுக்காக அணிவதே சரி.

நியூ ஜெர்சிவாசி:
'சின்ன நடை' என்றுதான் என்னையும் அழைத்தார்கள். ஏழு மணி நேரம் ஆயிற்று, ஒருவரும் எனக்காக நிற்கவில்லை. அன்று வாங்கிய பொருள்கள் இன்னும் அலமாரியில் தூங்குகின்றன.

ஆல்பனிவாசி:
கோட்டுச் சண்டை போதும். எந்த மலை என்று யாருமே கேட்கவில்லையே?

கேட்பவர்:
மன்னிக்கவும், ஹாட்லி மலை.

ஆல்பனிவாசி:
1903, 1908 ஆம் ஆண்டுகளின் பெரும் காட்டுத்தீக்குப் பிறகு இப்பகுதியில் எழுந்த கோபுரங்களுள் ஒன்று அங்கே 1917 முதல் நிற்கிறது. உயரம் 2,675 அடி. ஒரு வழி 1.8 மைல்தான் என்றாலும், அதற்குள் சுமார் 1,500 அடி ஏற வேண்டும். வழியெங்கும் பாறை, குளிர்காலத்தில் அதன்மேல் பனிக்கட்டி. ஆகவே கோட்டைவிட முக்கியம், காலணிக்கு அடியில் மாட்டும் மைக்ரோஸ்பைக்ஸ். பனி ஆழமாக இருந்தால், கால் புதையாமல் நடக்க உதவும் அகலமான ஸ்னோஷூவும் வேண்டும். எவ்வளவு ஆழம் என்று நண்பர்களிடம் இப்போதே கேளுங்கள். ஓட்டக் காலணி நனைந்துவிடும் என்பதால் நீர்புகாத காலணி இரவல் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். ஈரத்தை விடாத பருத்தி ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம்; பாலியஸ்டர் கால்சட்டையும் கம்பளிக் காலுறையும் அணியுங்கள். தண்ணீர் மேற்பரப்பிலிருந்து உறைவதால் புட்டியைத் தலைகீழாக வையுங்கள். வெப்பநிலை -10 பாகை செல்சியஸ், காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் உடலுக்கு -21 போல உறைக்கும்; ஆகவே உச்சிக்கென ஒரு காற்றுத்தடுப்பு மேலாடையைப் பையில் உலர்வாக வைத்திருங்கள். கோபுரப் படிகளில் பனிக்கட்டி இருந்தால், எவ்வளவு அழைத்தாலும் ஏறாதீர்கள்.

கேட்பவர்:
நன்றி அண்ணா. பனி கணுக்கால் அளவுதானாம். ஒருவரிடம் ஸ்பைக்ஸ் கூடுதலாக ஒரு ஜோடி இருக்கிறது. ஆனால் அது 12 ஆம் அளவுக் காலணிக்கானது, என்னுடையது 8.

ஆல்பனிவாசி:
வேண்டாம், இறக்கத்தில் கழன்றுவிடும். கடைகள் ஒன்பது மணிக்கு மூடக்கூடும்; உடனே கிளம்புங்கள்.