கற்றாழை தலை கனத்துக் கவிழ்கிறது, தண்டைப் புதைத்து நடலாமா?

பால்கனிக்காரி (சென்னை):
வணக்கம். மூன்று வருடத்துக்கு முன்னால் அம்மா வீட்டிலிருந்து விரல் நீளக் குட்டியாகக் கொண்டுவந்த சோற்றுக்கற்றாழை. இன்னும் அதே 6 அங்குல பிளாஸ்டிக் தொட்டியில்தான் இருக்கிறது. தலைக்கும் முகத்துக்கும் அடி மடலாகப் பார்த்து அறுத்துக்கொண்டே வந்ததில் இப்போது கீழே ஒரு சாண் மொட்டைத் தண்டு, மேலே பதினைந்து மடல். கொஞ்சம் காற்றடித்தாலும் தொட்டியோடு கவிழ்கிறது, நேற்றோடு மூன்றாவது தடவை, இரண்டு மடல் முறிந்தே போய்விட்டது. குச்சி நட்டு நைலான் கயிற்றால் கட்டினேன், அது தண்டை அறுத்துவிட்டது. தண்டைப் புதைத்தால் அழுகிவிடும் என்கிறார் அம்மா. மழைக்காலத்துக்குள் ஏதாவது செய்தாக வேண்டும், என்ன செய்யலாம்?

செம்மண்:
அம்மா சொல்வதில் பாதி சரி. கற்றாழைத் தண்டு மண்ணுக்குள் போனால் வேர் விடும், ஆனால் ஈர மண்ணில் பச்சைக் காயத்தோடு புதைத்தால் அழுகும். ஒரு சாண் தண்டையும் அப்படியே புதைக்க ஆழமான தொட்டி வேண்டும், அதில் அடிமண் லேசில் காயாது. அதனால் நான் தண்டை வெட்டச் சொல்வேன். கடைசி மடலுக்குக் கீழே நாலு விரற்கடை விட்டு, சுத்தமான கத்தியால் ஒரே வெட்டு. நைலான் அறுத்த இடம் அந்த நாலு விரலுக்குள் வந்தால் அதற்கும் மேலே வெட்டுங்கள். வெட்டிய முகத்தில் பழுப்பு வளையம் தெரிந்தால் அது போகும்வரை இன்னும் கொஞ்சம் நறுக்க வேண்டும்.

பிறகு செடியைக் காலித் தொட்டியின் வாயில் நிற்க வைத்து, மடல்கள் விளிம்பில் தாங்கும்படி, நிழலில் ஒரு வாரம் பத்து நாள் விடுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிவிடும். மண்ணில்லாமல் செத்துவிடுமோ என்று பயப்படாதீர்கள், திருஷ்டிக்கு வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுகிற கற்றாழை சொட்டுத் தண்ணீர் இல்லாமல் மாதக்கணக்கில் பச்சையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்களே.

நட்ட பிறகு ஒரு வாரம் தண்ணீரே வேண்டாம். மூன்று நாலு வாரம் கழித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள், பிடித்துக்கொண்டிருந்தால் வேர் விட்டாயிற்று. பழைய தொட்டியில் நிற்கும் அடித்தண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதிலிருந்தே குட்டிகள் வரலாம்.

மாடிவீடு மதுரை:
செம்மண் அண்ணன் தொட்டியைப் பற்றிச் சொல்லவில்லை, கவிழ்வதற்குப் பாதிக் காரணம் அதுதான். பிளாஸ்டிக்கில் கனமே இல்லை. 10 அங்குல மண்தொட்டி, வாய் அகலமாக, ஆழம் குறைவாக வாங்குங்கள். கனமும் இருக்கும், சுவர் வழியாக ஈரமும் போகும். அடியில் செங்கல் துண்டு நிரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று எல்லோரும் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை, ஈரம் அந்தத் துண்டுகளுக்கு மேலே மண்ணிலேயேதான் தேங்கி நிற்கும். கலவையே வடிகிற மாதிரி இருக்க வேண்டும். செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் அரைப் பங்கு. எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்கிற மணல்) என்றால் மாவு போகக் கழுவிவிட்டுப் போடுங்கள். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) வேண்டவே வேண்டாம், சென்னை மழையில் அது வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வேர் பிடிக்கும்வரை முட்டுக் கொடுக்கத்தான் வேண்டும். மூன்று மூங்கில் குச்சியை முக்கோணமாக ஊன்றி, பழைய வேட்டித் துணியைக் கிழித்துத் தளர்வாகக் கட்டுங்கள். தண்டைச் சுற்றி மேல்மண்ணில் நாலைந்து கருங்கல் ஜல்லி வைத்தால் கழுத்து ஆடாது.

பால்கனிக்காரி (சென்னை):
இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு சந்தேகம், செடி எப்போதும் தெரு பக்கமே சாய்கிறது. அதுவும் கனத்தாலா?

செம்மண்:
இல்லை, அது வெளிச்சத்தைத் தேடிப் போகிறது. வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் சுற்று திருப்பி வையுங்கள். இனி மடல் அறுக்கும்போதும் ஒரே பக்கமாக எடுக்காமல் சுற்றிலும் சமமாக எடுங்கள், புதிதாக நட்டதில் ஆறு மாதத்துக்குக் கத்தியே வைக்க வேண்டாம். நாளைக்கே வெட்டினால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். மழை தொடங்கியதும் சாரல் படாத உள்பக்கச் சுவர் ஓரமாக நகர்த்தி வைத்துவிடுங்கள்.