சொகுசுப் படகு (யாட்) வாடகை வாரத்துக்கு 60,000 யூரோ என்றால் கடைசியில் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும்?

பாடாங் செராய் அக்கா

பாடாங் செராய் கடைத்தெருவில் ஒரு சின்ன டூர் கடையில் கணக்கு பார்க்கிறேன். லங்காவி ஃபெரி, மேடான், சென்னை டிக்கெட், தைப்பூசத்துக்குப் பினாங்கு வேன், பதினாறு வருஷமாக இதுதான் பிழைப்பு. போன வாரம் ஒரு செம்பனைக் குத்தகைக்காரர் வந்தார். அவருடைய அப்பா இங்கே பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அம்மா அப்பாவின் ஐம்பதாவது கல்யாண நாளுக்குக் குரோவேஷியாவில் சொகுசுப் படகு வேண்டுமாம். பத்துப் பேர், ஜூலையில் ஒரு வாரம், அங்கேயுள்ள ஸ்பிளிட் துறைமுகத்திலிருந்து.

புரோக்கர் 60,000 யூரோ என்றார். நானும் அதையே அவரிடம் சொல்லித் தொலைத்துவிட்டேன். மறுநாள் வந்த ஒப்பந்தத்தில் "செலவுகள் தனி" என்று ஒரு வரி. ஏபிஏ என்ற செலவு முன்பணம் 30 விழுக்காடு, அதாவது 18,000 யூரோ, முன்கூட்டியே கட்டணுமாம். அப்புறம் வரி, டிப்ஸ். இது டெபாசிட்டா, ஏமாற்றா?

லங்காவி மெக்கானிக்

ஏமாற்று இல்லை அக்கா. நான் பெடோங்காரன். இப்போது லங்காவியில் படகு எஞ்சின் வேலை, அதற்கு முன்னால் ஆறு வருஷம் மத்தியதரைக்கடலில் 35 மீட்டர் யாட்டில் இருந்தேன்.

நம் ஊர்க் கல்யாணச் சமையல் மாதிரிதான். சமையல்காரருக்குக் கூலி ஒரு தொகை. அரிசி, ஆட்டுக்கறி, கேஸ் எல்லாம் வீட்டுக்காரர் காசு. அந்த 60,000 கூலி: படகு, ஆட்களின் சம்பளம், காப்புறுதி. 18,000 கேப்டன் கையில் கொடுக்கும் மளிகைக் காசு. டீசல், சாப்பாடு, மது, துறைமுக வாடகை எல்லாம் அதிலிருந்து போகும். கேப்டன் ஒவ்வொரு ரசீதையும் உறையில் போட்டு வைத்திருப்பார், கேட்டால் நடுவிலேயே கணக்குக் காட்டுவார். மிச்சம் திரும்ப வரும், போதவில்லை என்றால் மேலே கட்டணும்.

டீசல்தான் பெரிய வாய். எங்கள் படகு மெதுவாகப் போனால் மணிக்கு இருநூறு லிட்டர் குடிக்கும், விரட்டினால் ஐந்நூறைத் தாண்டும். நின்றாலும் ஏர்கோனுக்காக ஜெனரேட்டர் ராத்திரி பகல் ஓடும். ஹ்வார் தீவின் ஊர்த் துறையில் ஜூலையில் ராத்திரி படகைக் கட்டி நிறுத்தினால் பில்லைப் பார்த்துத் தலை சுற்றும். எதிரே பாக்லெனி தீவுகளில் நங்கூரம் போட்டுவிட்டுச் சின்னப் படகில் போய்வரச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கும் அங்கேதான் நிம்மதி.

குரோவேஷியாவில் வாடகைக்கு வரி 13 விழுக்காடு. டிப்ஸ் கட்டாயம் இல்லை, ஆனால் அந்தப் பக்கம் வாடகையில் 5 முதல் 15 விழுக்காடு வரை கொடுப்பது வழக்கம். நான் டிப்ஸில் வீடு கட்டியவன், அதனால் என் பேச்சை அரைப்பங்கு நம்புங்கள்.

கூலிம் கணக்கர்

படகு இப்போது எங்கே நிற்கிறது என்று முதலில் கேளுங்கள். வேறு நாட்டிலிருந்து ஸ்பிளிட்டுக்கு வர வேண்டியிருந்தால் அந்த எண்ணெய்க் காசையும் உங்கள் தலையில் கட்டலாம். ஒப்பந்தம் போடும்போது பாதி, புறப்பட ஒரு மாதம் முன்னால் மீதிப் பாதியோடு ஏபிஏ, இதுதான் வழக்கம். ஜூலை, ஆகஸ்ட் உச்ச விலை. செப்டம்பருக்குத் தள்ளினால் கொஞ்சம் இறங்கும், கடல் தண்ணீரும் வெதுவெதுப்பாகவே இருக்கும். எல்லாம் அடங்கிய ஒரே விலைதான் வேண்டும் என்றால் கரீபியனில் கட்டமரான் என்ற இரட்டை உடல் படகுகளை அப்படி வாடகைக்கு விடுகிறார்கள், ஆனால் நம் பக்கத்திலிருந்து விமான டிக்கெட்டே வயிற்றைக் கலக்கும்.

பாடாங் செராய் அக்கா

60,000, 18,000, வரி 7,800. ஆக 85,800. டிப்ஸ் பத்து விழுக்காடு வைத்தால் 91,800. செவ்வாய்க்கிழமை தாளில் எழுதிக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார், "செப்டம்பருக்குக் கேளுங்கள்" என்று மட்டும் சொன்னார். முதல் தடவை பாதிக் கணக்குச் சொன்னது என் தப்புதான், அதையும் சொல்லிவிட்டேன். கூட வந்த பெரியவருக்கு யூரோவெல்லாம் காதில் ஏறவில்லை. அந்தப் படகில் கருவாடு வறுக்க விடுவார்களா என்று கேட்டார். தம்பி, இதற்கு என்ன சொல்ல?

லங்காவி மெக்கானிக்

சாப்பாட்டு விருப்பப் படிவம் ஒன்று வரும், அதில் எழுதுங்கள். சமையல்காரர் எங்கேயாவது தேடிப்பிடித்து வாங்குவார், அதுவும் மளிகைக் காசில்தான். ஆனால் வெளித்தளத்தில் வறுக்கச் சொல்லுங்கள் அக்கா. உள்ளே வெள்ளை சோபா.