கரைவலை ஆவணப்படம்: காசுக்கு யாரிடம் போவது?

உப்புவெளி_கமரா:
எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். கலியாண வீடியோதான் பிழைப்பு, மிச்ச நேரத்தில் நிலாவெளிப் பக்கம் கரைவலைக்காரரைப் படம்பிடித்து வருகிறேன். முன்பெல்லாம் கரையில் வரிசையாக நின்று அம்பா என்ற வேலைப் பாட்டைப் பாடிப் பாடி இழுத்த வலையை இப்போது டிராக்டரில் பூட்டிய வின்ச் (கயிறு சுற்றும் இயந்திரம்) இழுக்கிறது, பாட்டும் இல்லை, பாதிப் பேருக்கு வேலையும் இல்லை. இதை ஒரு மணிநேரப் படமாக எடுக்க ஆசை. இங்கே ஒரு தொண்டு நிறுவனத்திடம் கேட்டுப் பார்த்தேன். காசு தருவார்களாம், ஆனால் அவர்கள் கொடுத்த ஐஸ் பெட்டிக்கு மீனவர் ஒருவர் நன்றி சொல்ல வேண்டுமாம், படத்தின் உரிமையும் அவர்களுக்கேயாம். அதற்குக் கலியாண வீடியோவே மேல். வெளிநாட்டு நிதிகள் நம்மைப் போன்ற ஆட்களுக்குக் கிடைக்குமா? ஒருத்தரையும் தெரியாமல் விண்ணப்பித்தால் திரும்பியாவது பார்ப்பார்களா?

எடிட்டிங்_அக்கா:
கிடைக்கும் தம்பி. ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவான இட்ஃபாவின் பெர்தா ஃபண்ட் 1998இல் தொடங்கியது, ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா போன்ற பகுதிகளின் இயக்குநர்களுக்கென்றே இருக்கிறது. தென் கொரியாவின் பூசான் திரைப்பட விழாவின் ஏசியன் சினிமா ஃபண்டிலும் ஆவணப்படத்துக்கு இடம் உண்டு. ஆனால் கடிதம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் கடைசியில் அவர்கள் பார்ப்பது நீங்கள் எடுத்த காட்சியைத்தான். ஐந்து நிமிடத்துக்குள் ஒரு டீசர் வெட்டுங்கள். மீன் சேரும் வலைப் பையான மடி கரையேறுகிற நேரம், மீனைப் பிரிக்கிற நேரம், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி பங்கு சொல்லும்போது மற்றவர்கள் முகம், இவை போதும். ட்ரோனில் கடலைக் காட்டிப் புல்லாங்குழல் போட்டால் சுற்றுலாச் சபை விளம்பரம் ஆகிவிடும். (ட்ரோனுக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும், திருகோணமலையில் கடற்படைத் தளமும் இருக்கிறது, அந்தத் தலையிடி எதற்கு?)

அப்புறம், பட்ஜெட்டில் உங்கள் சம்பளத்தையும் எழுதுங்கள். நம் ஆட்கள் பெருந்தன்மையாக அந்த இடத்தில் பூச்சியம் போடுவார்கள், படிக்கிறவர் இவருக்குப் படம் எடுக்கும் செலவே தெரியாது என்று நினைத்துவிடுவார்.

பின்வரிசை_ரசிகன்:
அக்கா சொன்னது சரி, ஆனால் முதல் அடியே ஆம்ஸ்டர்டாம் வேண்டாம் என்பேன். கொல்கத்தாவில் டாக்எட்ஜ் என்ற ஆவணப்படப் பட்டறை நடக்கிறது, அங்கே வழிகாட்டிகளோடு உட்கார்ந்து படத்தைத் திருத்தி, பிறகு வெளிநாட்டுத் தொலைக்காட்சி, நிதி ஆட்கள் முன்னால் பிட்ச் பண்ணலாம், அதாவது படத்தை விளக்கிக் காசு கேட்கலாம். ஆளைத் தெரியாது என்ற பிரச்சினை அங்கேதான் தீரும். காத்மாண்டுவில் 1997 முதல் நடக்கும் ஃபிலிம் சவுத் ஏசியா தெற்காசிய ஆவணப்படத்துக்கென்றே உள்ள விழா. அதெல்லாம் தூரம் என்றால் 2015இல் தொடங்கிய யாழ்ப்பாணம் சர்வதேசத் திரைப்பட விழாவுக்காவது போங்கள், திருகோணமலையில் இருந்து பஸ்ஸில் போய் வரலாம். படம் முடிந்ததும் தேநீர்க் கடையில் யாரோடு கதைக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். தயாரிப்பாளர் ஒருவர் அகப்பட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி, பல நிதிகளில் தனி ஆளாக விண்ணப்பிக்கவே முடியாது.

மூதூரான்:
நான் கொஞ்சம் மாறிச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். 'அழிந்து போகும் பாட்டு' என்று எழுதினால், தேர்வாளர் மேசையில் அழிந்து போகும் நடனம், அழிந்து போகும் படகு எல்லாம் ஏற்கெனவே கிடக்கும். உங்கள் கதை அந்த வின்ச்தான். அதை வாங்கிய சம்மாட்டி யார், என்ன கடன், கயிறு இழுத்தவர்கள் இப்போது எங்கே வேலைக்குப் போகிறார்கள்? இதற்குள் அம்பா தானாக வரும். யாராவது ஒரு பாட்டியைத் தனியாக உட்கார வைத்துப் பாடச் சொல்லி எடுக்காதீர்கள், தயவுசெய்து.

உப்புவெளி_கமரா:
மூதூரான் அண்ணா, வயிற்றில் அடித்தாலும் சரியாகத்தான் அடித்தீர்கள். அந்தச் சம்மாட்டியோடு நல்ல பழக்கம், ஆனால் கடனைப் பற்றிக் கமரா முன்னால் கதைப்பாரோ தெரியாது. அக்கா, படம் எப்படி இருக்கும் என்று விவரிக்கும் டிரீட்மென்ட்டை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமா?

எடிட்டிங்_அக்கா:
பெரும்பாலும் ஆங்கிலம்தான். முதலில் தமிழில் எழுதுங்கள், ஆங்கிலம் தெரிந்த ஒருவரோடு இருந்து மாற்றுங்கள். டீசருக்கு சப்டைட்டில் கட்டாயம். சம்மாட்டியிடம் இப்போதே எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். நிதி வந்தபிறகு கேட்டால் அவர் வேறு கணக்குப் போடுவார். அந்தத் தொண்டு நிறுவனம் மறுபடி வந்தால், படம் முடிந்தபிறகு ஊர்ஊராகத் திரையிட உதவி கேளுங்கள், உரிமையைத் தொடாமல் அவர்கள் தரக்கூடியது அதுதான்.