உதய்ப்பூரில் ஏரி தவிர என்ன பார்க்கலாம்?

கேள்வி: டிசம்பரில் அம்மா அப்பாவோடு போகிறோம். பிச்சோலா ஏரியில் படகு, சிட்டி பேலஸ் சரி, அப்புறம்? எனக்கு மலை ஏறணும், அப்பாவுக்கோ மூட்டு வலி.

பதில் 1: படகை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள், வெயில் சாயும்போது அரண்மனைச் சுவர் முழுக்கப் பொன்னிறமாகிவிடும், ஜக் மந்திர் தீவிலும் இறங்கிப் பார்க்கலாம். சிட்டி பேலஸில் குறுகலான படிகள் ஏராளம், அப்பாவுக்குக் கஷ்டம்தான்.

பதில் 2: கர்ணி மாதா கோயிலுக்கு ரோப்கார் உண்டு. அவர்களை அதில் ஏற்றிவிட்டு நீங்கள் படியேறிப் போங்கள், மேலிருந்து பிச்சோலா மொத்தமும் தெரியும்.

பதில் 3: காலை நடைக்கு ஃபதே சாகர் ஏரிக்கரை. சூரிய அஸ்தமனத்துக்கு சஜ்ஜன்கட், வனவிலங்கு சரணாலயத்துக்குள் இருக்கும் மலை அரண்மனை, வண்டியே மேலே போகும். பாகோர் கி ஹவேலி என்ற பழைய மாளிகையில் இரவு நடனமும் உண்டு, டிக்கெட்டுக்குக் கொஞ்சம் முன்னாடியே போய்விடுங்கள்.

கேட்டவர்: ரோப்காருக்கு அப்பா ரெடி, அம்மாவைத்தான் சம்மதிக்க வைக்கணும்!