காய்ச்சல் விட்ட அன்று

பாளையங்கோட்டையிலிருந்து:
ஐந்தாம் நாள் காலையில் தம்பிக்கு உடம்பு குளிர்ந்துவிட்டது. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்டார். நான் ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தேன். பத்து மணிக்குள் நான்கு முறை வாந்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தான். வாய் கொப்பளித்துத் துப்பியதில் ரத்தம். விடிந்ததிலிருந்து சிறுநீரும் போகவில்லை.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும்போதுதான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும், அந்த ஒன்றிரண்டு நாளே கண்டம் என்பது மருத்துவமனைக்குப் போன பிறகே எங்களுக்குத் தெரிந்தது. நாங்கள் ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) எத்தனை என்று நச்சரித்தோம். மருத்துவரோ ரத்தம் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது, நாடி எப்படி ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள் உடம்பு வலிக்கு நாங்களாக வாங்கிக் கொடுத்தது இபுபுரூஃபன். அதற்கு நல்ல திட்டு கிடைத்தது. டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பாராசிட்டமால் மட்டுமே. ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் ரத்தக்கசிவைக் கூட்டும்.

கடலூரிலிருந்து:
எங்கள் தெருவுக்கு 2006-இல் வந்தது சிக்குன்குனியா. கொசு டெங்குவைப் பரப்பும் அதே கொசுதான். காய்ச்சல் ஒரு வாரத்துக்குள் போய்விட்டது, மூட்டு வலி போகவில்லை. ஈரத் துணியைப் பிழிய எனக்குப் பல மாதம் ஆயிற்று. தான்சானியாவில் பேசப்படும் மகொண்டே மொழியில் அந்தப் பெயருக்கு ‘வளைந்து போவது’ என்று பொருளாம். தெருவே அதற்கு உரை எழுதியதுபோல் குனிந்து நடந்தது.

அதில் ஏமாந்தவர் என் மாமா. டீ மாஸ்டர், முப்பது ஆண்டுகள் நின்றே வேலை பார்த்தவர். இடது கணுக்கால் வீங்கியதை சிக்குன்குனியாவின் மிச்சம் என்றே நினைத்தோம். வீக்கம் ஒரு காலில் மட்டும். மாலையில் கூடி, காலைத் தலையணை மேல் வைத்துத் தூங்கினால் வடிந்தது. கணுக்காலின் உட்பக்கத் தோல் கறுத்து அரித்தது. சொறிந்த இடம் புண்ணாகி, மஞ்சளுக்கும் வேப்பிலைக்கும் அடங்காமல் எட்டு மாதம் நீர் வடிந்தது. நரம்புச் சுருட்டலால் வந்த புண். டாப்ளர் ஸ்கேனில், காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியின் ஓட்டம் நன்றாக இருப்பதை உறுதிசெய்த பிறகே, பாதத்திலிருந்து முழங்கால்வரை அழுத்தக் கட்டு போட்டார்கள். அந்த ஓட்டம் குறைந்த காலில் இறுக்கிக் கட்டினால் கால் கெட்டுவிடும் என்றார்கள். களிம்புகளால் ஆகாததைக் கட்டு நான்கு மாதத்தில் ஆற்றியது.

மணப்பாறையிலிருந்து:
எங்கள் அத்தைக்கு வீக்கமும் இல்லை, வலியும் இல்லை. பேரன்தான், “பாட்டி, தரையெல்லாம் ரத்தம்” என்றான். செருப்பு ஆணி உள்ளங்காலில் குத்திக் குழி விழுந்திருந்தது. பதினைந்து ஆண்டு சர்க்கரை நோய், கால் மரத்துப்போயிருந்தது. “வலிக்கவில்லையே, எதற்கு ஆஸ்பத்திரி?” என்று கடைசிவரை வாதாடினார். இப்போது தினமும் இரவில் பேரன் கண்ணாடியைப் பிடிக்க, பாதத்தைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார்.

மறுபடியும் பாளையங்கோட்டையிலிருந்து:
தம்பி நன்றாக இருக்கிறான். வீட்டுக்கு வந்த மறுநாள் ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டை இழுத்துப் பார்த்தேன். தெளிந்த தண்ணீரில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. பகலில் கடிக்கும் கொசுவை அங்கே வளர்த்துக்கொண்டு, நாங்கள் இரவு தவறாமல் கொசுவலை கட்டிக்கொண்டிருந்தோம்.